படம் மட்டும் போட்டுக் கொடு

பொறியியல் படித்த பெண் யாரிடமாவது "எத்தனை பேருக்கு ரெக்கார்டு எழுதிக் கொடுத்திருக்கிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். ஏன் எழுதிக் கொடுத்தாய் என்று கேட்டால்தான் யோசிப்பாள். எத்தனை பேருக்கு என்றால் உடனே பதில் வரும். எனக்கு ஐந்து பேர். அதில் நான்கு பேர் ஆண்கள். "உன் கையெழுத்து நல்லா இருக்கும்" என்பது முதல் காரணம். "கிராஃப் நீ போட்டா நீட்டா இருக்கும்" என்பது இரண்டாவது காரணம். மூன்றாவது காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆறரை மணிக்கு மேல் நாங்கள் விடுதி அறைக்குள்தான் இருப்போம், எங்களுக்கு நேரம் இருக்கும் என்பதுதான் அது.

நான் படித்தது சிவில். மண் பரிசோதனைக் கூடத்தில் சல்லடைகளை அடுக்கி ஆட்டுவது பையன்கள். ஒவ்வொரு சல்லடையிலும் தங்கிய மண்ணின் எடையைக் குறித்துக்கொள்வது பெண்கள். பிறகு செமி-லாக் தாளில் புள்ளி வைத்து, பென்சிலால் வளைகோடு இழுப்பதும் பெண்கள். சர்வே வகுப்பில் தியோடலைட்டுக்குப் பின்னால் நிற்பது பையன்கள். ஃபீல்டு புக் பெண்கள் கையில். இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. நான்கு பேர் கொண்ட குழு என்றால் கருவி ஒரு பக்கமும் நோட்டு ஒரு பக்கமும் தானாகப் போய்ச் சேரும். சமையலறையில் கரண்டி தானாக ஒரு கைக்குப் போய்ச் சேருவதில்லையா, அது மாதிரி.

இந்தப் பிரிவினைக்குள் ஒரு மதிப்பீடு இருக்கிறது. அளப்பதும் கணக்கிடுவதும் மூளை வேலை. வரைவது கை வேலை. கோலம் போடத் தெரிந்தவளுக்கு கிராஃப் போடத் தெரியாதா என்ற எண்ணம். இந்த எண்ணம் எவ்வளவு தவறு என்பதை எனக்குப் புரியவைத்தது ஒரு கணினி நிரல். இன்னும் சரியாகச் சொன்னால், ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளும் இரண்டு நிரல்கள்.

வண்டலூரைச் சுற்றி ஜி.எஸ்.டி. சாலையிலும் கேளம்பாக்கம் சாலையிலும் ஊரப்பாக்கம் பக்கத்திலும் பொறியியல் கல்லூரிகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் 2012இல் சேர்ந்தேன். எங்கள் கணினிக்கூடத்தில் மேட்லேப் இருந்தது. விலை கொடுத்து உரிமம் வாங்கிய மென்பொருள் என்பதால் அந்தக் கூடத்தின் கணினிகளில் மட்டும்தான் ஓடும். கூடம் இரவு எட்டு மணிவரை திறந்திருக்கும் என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தார்கள். பெண்கள் விடுதியில் ஆறரைக்குக் கையெழுத்து. வகுப்பு முடிவது நாலரைக்கு. ஆக, ஒரே கட்டணம் கட்டிய இரண்டு பேரில் ஒருவருக்கு மூன்றரை மணி நேர மேட்லேப், மற்றவருக்கு இரண்டு மணி நேரம். அதிலும் உட்கார இடம் கிடைத்தால். "பொண்ணுங்களுக்கு புரோகிராமிங்ல இன்ட்ரஸ்ட் இல்ல" என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வார்கள். கதவில் ஒட்டிய நேரத்தையும் விடுதிப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் பார்க்கவில்லை.

என்னிடம் ஒரு மடிக்கணினி இருந்தது. அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படித்தபோது, 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்தது. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பலர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய இயங்குதளம் அது. கட்டற்ற மென்பொருளுக்கான அந்த முயற்சியில் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இருக்கும் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையத்துக்கும் பங்கு உண்டு. வண்டலூரிலிருந்து மின்சார ரயிலில் நான்காவது நிறுத்தம் குரோம்பேட்டை. நான்கு நிறுத்தம் தள்ளி இப்படி ஒரு வேலை நடந்தது எனக்கு வெகுநாள் தெரியாது.

விடுதியில் எம்.இ. படித்த ஓர் அக்கா ஒருநாள் பென்டிரைவோடு வந்தார். "மேட்லேப்புக்காக அங்கே போய் நிக்காதீங்கடி. இதைப் போட்டுக்கோங்க, கிட்டத்தட்ட அதே மாதிரிதான்" என்றார். அதில் இருந்தது ஆக்டேவ்.

ஆக்டேவ் பிறந்த கதை எனக்குப் பிடிக்கும். அமெரிக்காவில் வேதிப்பொறியியல் மாணவர்களுக்கான ஒரு பாடப்புத்தகத்துக்குத் துணையாகத் தொடங்கிய மென்பொருள். ஜான் ஈட்டன் என்பவர் 1992இல் முழுநேரமாக எழுதத் தொடங்கினார். பெயர் இசையிலிருந்து வந்ததல்ல. கடித உறையின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டு விடை சொல்வதில் பெயர் பெற்ற ஆக்டேவ் லெவன்ஸ்பீல் என்ற பேராசிரியரின் பெயர். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், பகிரலாம். பென்டிரைவில் போட்டு நாற்பது பெண்களுக்குக் கொடுத்தாலும் திருட்டு ஆகாது. எங்கள் மாடியில் அப்படித்தான் பரவியது. ஆறரை மணிக்குக் கதவு மூடிய பிறகு எங்கள் கூடம் திறந்தது.

இங்கேதான் நான் சொல்லவந்த விஷயம் தொடங்குகிறது. ஆக்டேவ் அன்றைக்குத் தானாகப் படம் வரையாது. கணக்கெல்லாம் அது போடும். வரைய வேண்டிய இடம் வந்ததும் க்னூபிளாட் என்ற வேறொரு நிரலைப் பின்னணியில் எழுப்பி, வேலையை அதனிடம் கொடுத்துவிடும். க்னூபிளாட் ஆக்டேவைவிட மூத்தது. 1986இல் தாமஸ் வில்லியம்ஸும் காலின் கெல்லியும் தொடங்கியது. பெயரில் க்னூ இருந்தாலும் க்னூ திட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சாளரம், பொத்தான், மெனு எதையும் எதிர்பார்க்காது. எழுத்தில் கட்டளை வந்தால் படமாகப் போட்டுக் கொடுக்கும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு குழாய். இயங்குதளம் தரும் குழாய். பைப் என்றே சொல்வார்கள். ஒரு நிரல் எழுதுவது மறுமுனையில் இன்னொரு நிரலுக்கு விசைப்பலகையில் தட்டச்சு செய்தது மாதிரிப் போய்ச் சேரும். "இந்த அச்சு இதிலிருந்து இதுவரை", "தலைப்பு இது", "இப்போது வரை" என்று ஆக்டேவ் வரிசையாக அனுப்பும். தரவை எங்கிருந்து எடுப்பது என்ற இடத்தில் கோப்பின் பெயருக்குப் பதிலாக ஒரு சிறு கோடு வைத்தால், "இதே குழாயில் பின்னால் வருகிறது, வாங்கிக்கொள்" என்று பொருள். எண்கள் வரிசையாக வரும். முடிந்தது என்று சொல்ல, தனி வரியில் ஆங்கில 'ஈ' எழுத்து ஒன்று. அது வந்ததும் க்னூபிளாட் வரையும்.

இதற்கு ஆக்டேவ்தான் வேண்டும் என்றும் இல்லை. சி மொழியிலோ ஃபோர்ட்ரானிலோ எழுதிய நிரலும் இதே மாதிரி க்னூபிளாட்டை எழுப்பலாம். நான் இப்போது தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் ஆய்வகம் எடுக்கிறேன். ஆண்டுதோறும் மாணவிகள் யாராவது வந்து கேட்பார்கள்: "மேம், எல்லாம் சரியாத்தான் அனுப்பறேன். புரோகிராம் முடியறவரைக்கும் படமே வரல. முடிஞ்சதும் எல்லாம் ஒண்ணா வருது." காரணம் எளிது. நிரல் எழுதும் வரிகள் உடனே குழாய்க்குள் போவதில்லை. ஒரு தொட்டியில் சேரும். தொட்டி நிறைந்தாலோ நிரல் முடிந்தாலோதான் திறந்துவிடும். ஒவ்வொரு படத்துக்கும் பிறகு "தொட்டியைக் காலி செய்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும், படம் அப்போதைக்கப்போது வந்துவிடும். அந்த ஒரு வரியைச் சொன்னதும் முகம் மலர்வதைப் பார்ப்பது எனக்குச் சம்பளத்தைவிடப் பெரிது.

ஆக்டேவில் இன்னொரு வசதி உண்டு. படத்தை வரையச் சொல்லும்போது கூடுதலாக ஒரு கோப்பின் பெயரையும் கொடுத்தால், க்னூபிளாட்டுக்கு அனுப்பிய கட்டளைகள் அத்தனையையும் அந்தக் கோப்பில் எழுதிவைக்கும். முதன்முதலில் அதைத் திறந்து பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது. நான் எழுதியது ஒரே வரி. உள்ளே பக்கம் பக்கமாகப் போயிருந்தது. கோட்டின் தடிமன், எழுத்தின் அளவு, அச்சில் எத்தனை இடங்களில் எண் போடுவது, எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று ஒவ்வொன்றும் ஒரு முடிவு. நான் எடுக்காத முடிவுகளை எனக்காக வேறு யாரோ எடுத்திருந்தார்கள். கையால் செமி-லாக் தாளில் வரைந்த காலத்தில் அந்த முடிவுகளை எல்லாம் எடுத்தது நான். அப்போது அதற்கு "நீட்டா போடறது" என்று பெயர்.

2015 டிசம்பர். நான் இறுதியாண்டு. அந்த வெள்ளத்தைத் தெற்குப் புறநகரில் வாழ்ந்தவர்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் அடையாற்றை நோக்கிப் போகும் வழியில் முடிச்சூரும் வரதராஜபுரமும் இருக்கின்றன. அங்கே வீடுகளின் முதல் தளம் முங்கிய தெருக்களும் உண்டு. எங்கள் திட்டப்பணிக்கு அதையே எடுத்தோம். இரண்டு பையன்கள், நானும் என் தோழியும். மழையையும் தண்ணீர் ஏறிய நேரத்தையும் பொருத்திப் பார்ப்பது வேலை.

மழை அளவு வானிலைத் துறையின் அட்டவணையில் கிடைத்தது. ஆற்றின் அளவீடு எங்கள் கையில் இல்லை. ஆகவே வீடு வீடாகப் போய்க் கேட்பது என்று முடிவு. சுவரில் இருந்த தண்ணீர்க் கறையை டேப் வைத்து அளந்தது பையன்கள். "லேடீஸ்கிட்ட நீங்க பேசுங்க" என்று எங்களிடம் விட்டார்கள். ஒருவிதத்தில் அது எங்கள் அதிர்ஷ்டம்.

தண்ணீர் எப்போது வந்தது என்று ஆண்களைக் கேட்டால், "ராத்திரி", "திடீர்னு", "ஏரியைத் திறந்துவிட்டானுங்க" என்று பதில் வரும். பலர் அன்றைக்கு வேலைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டு வீட்டிலேயே இல்லை. பெண்கள் சொன்ன பதில்கள் வேறு மாதிரி. "செவ்வாய்க்கிழமைம்மா. பெரியவன் சாப்பிட்டுட்டு கை கழுவ வெளியே போனான், முதல் படியில தண்ணி நின்னுச்சு. சின்னதைத் தூங்க வெச்சிட்டு வந்து பாக்கறேன், மூணாவது படி." இன்னொருவர், "கரண்ட் போனது ஏழு மணி இருக்கும். மெழுகுவர்த்தி ஒண்ணு முழுசா எரிஞ்சு முடிஞ்சுது. அடுத்ததைப் பத்த வெக்கும்போது அரிசி மூட்டையைத் தூக்கினோம்." படி, மெழுகுவர்த்தி, மூட்டை. தண்ணீரின் உயரத்தையும் நேரத்தையும் இவ்வளவு துல்லியமாக அளக்க அந்த இரவில் வேறு எந்தக் கருவியும் அந்தத் தெருவில் இல்லை. நாங்கள் முப்பத்தொரு வீட்டுக் கதைகளை எழுதிக்கொண்டு வந்தோம். படிகளின் உயரத்தை அளந்து கதைகளைச் சென்டிமீட்டராக மாற்றினோம்.

எல்லாவற்றையும் ஆக்டேவில் ஏற்றினேன். மழையை மேலிருந்து கீழே தொங்கும் பட்டைகளாகவும், தண்ணீர் மட்டத்தைக் கீழிருந்து ஏறும் புள்ளிகளாகவும் போடுவது நீரியலில் வழக்கம். மழை அச்சைத் தலைகீழாக்க வேண்டும். அதற்கு ஒரு கட்டளை. படம் வந்தது. பார்த்தால் பொருந்தவில்லை. 49 செ.மீ. பட்டை டிசம்பர் 2ஆம் தேதி, புதன்கிழமைக்கு மேலே தொங்கியது. பெண்கள் சொன்ன நேரங்கள் எல்லாம் 1ஆம் தேதி, செவ்வாய் இரவு. பெருமழைக்கு முன்பே வெள்ளம் வந்தது மாதிரி ஒரு படம்.

குழுவில் ஒருவன் உடனே சொன்னான்: "அவங்க பதட்டத்துல இருந்திருப்பாங்க. பொம்பளைங்க சொல்ற டைமை எல்லாம் வெச்சு டேட்டா பண்ண முடியுமா? அதை எடுத்துடலாம். நீ படம் மட்டும் போட்டுக் கொடு."

முப்பத்தொரு பேரும் ஒரே மாதிரித் தவறாகச் சொல்லியிருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. அட்டவணையின் பக்கம் திரும்பினேன். நம் நாட்டில் மழையைக் காலை எட்டரை மணிக்கு அளக்கிறார்கள். 2ஆம் தேதிக்கு நேராக இருக்கும் எண் 2ஆம் தேதி பெய்த மழை அல்ல. 1ஆம் தேதி காலை எட்டரையிலிருந்து 2ஆம் தேதி காலை எட்டரைவரை பெய்தது. அந்த மழைநாளின் நடுப்புள்ளி 1ஆம் தேதி இரவு எட்டரை. பட்டையை அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும். நிரலில் மாற்றியது ஒரே ஒரு கூட்டல் கழித்தல். மறுபடி வரைந்தேன். பட்டைக்கு நேர் கீழே, அந்த 24 மணி நேரத்துக்குள், முப்பத்தொரு வீடுகளின் புள்ளிகளும் படிப்படியாக ஏறி நின்றன. அரிசி மூட்டையைத் தூக்கிய நேரம், குழந்தையைத் தூங்க வைத்த நேரம், எல்லாம் சரியாக.

இதை நான் கண்டுபிடிப்பு என்று சொல்லவில்லை. வானிலைத் துறையில் இருக்கும் யாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் எங்கள் அறிக்கையில் முப்பத்தொரு பெண்களின் வார்த்தை நிற்குமா, நீக்கப்படுமா என்பது பட்டையை எங்கே வைப்பது என்ற அந்த ஒரு முடிவில்தான் இருந்தது. அது கணக்கிடும் இடத்தில் எடுத்த முடிவு இல்லை. வரையும் இடத்தில் எடுத்த முடிவு.

திட்டப்பணி முடிந்து சில மாதங்கள் கழித்து, வழிகாட்டியும் இரண்டு பையன்களும் பெயர் போட்டு அதை ஒரு கருத்தரங்கத் தொகுப்பில் கட்டுரையாக வெளியிட்டார்கள். கடைசிப் பக்கத்தில் நன்றி. படங்களை வரைந்து உதவியதற்காக எனக்கும் தோழிக்கும். பட்டை நான் வைத்த இடத்திலேயே இருந்தது. போய்க் கேட்டேன். "கோடு போட்டதுக்கெல்லாம் ஆத்தர்ஷிப் கேட்டா எப்படிம்மா? அதெல்லாம் சாஃப்ட்வேரே போட்டுடுதே" என்றார் வழிகாட்டி. கோபமாகச் சொல்லவில்லை. சின்னப் பெண்ணுக்கு உலகம் சொல்லித்தரும் குரலில் சொன்னார்.

அந்த "நன்றி" என்ற சொல்லின் பின்னால் போனபோது எனக்கு நிறையக் கூட்டாளிகள் கிடைத்தார்கள். வானிலையைப் பற்றி எட்வர்ட் லோரன்ஸ் 1963இல் எழுதிய கட்டுரை உலகப் புகழ்பெற்றது. வண்ணத்துப்பூச்சியின் சிறகு மாதிரி இருக்கும் அந்த வளைகோட்டை ஆக்டேவ் கற்கும் எல்லோரும் ஒருமுறையாவது வரைவார்கள். இப்போது பத்து வரி போதும். அன்றைக்கு எல்ஜிபி-30 என்ற கணினி எண்களை மட்டும் அச்சடித்துத் தரும். அந்த எண்களை உண்டாக்க நிரலோடு மல்லுக்கட்டியவர்கள், முதலில் மார்கரெட் ஹாமில்டன், பிறகு எலன் ஃபெட்டர். எண்களைப் படமாக்கியதும் ஃபெட்டர். கட்டுரையில் ஆசிரியர் பெயர் ஒன்றே ஒன்று. கணக்குகளையும் படங்களையும் கவனித்துக்கொண்டதற்காக ஃபெட்டருக்குக் கடைசியில் நன்றி.

அதற்கு முன்பு 1955இல் லாஸ் அலமோஸில் ஃபெர்மி, பாஸ்தா, உலாம் மூவரும் எழுதிய அறிக்கை. கணினியில் சோதனை செய்து இயற்பியல் செய்ய முடியும் என்று காட்டிய முதல் வேலைகளில் ஒன்று. மேனியாக் கணினிக்கு அந்த நிரலை எழுதி ஓட்டியவர் மேரி சிங்கு. அவருக்கும் ஓர் அடிக்குறிப்பு நன்றிதான். மூன்று ஆண்களின் முதலெழுத்தைச் சேர்த்து அந்தக் கணக்குக்கே பெயர் வைத்தார்கள். 2008இல் ஓர் இயற்பியலாளர் இதை எடுத்து எழுதிய பிறகுதான் நான்காவது எழுத்தையும் சேர்க்கும் வழக்கம் பரவியது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாயிற்று.

மேரி தார்ப்பின் கதை என் கதைக்கு இன்னும் நெருக்கம். அட்லாண்டிக் கடலின் ஆழத்தை ஒலி வைத்து அளக்கக் கப்பலில் ஆண்கள் போனார்கள். அந்தக் காலத்தில் பெண்களை ஆய்வுக் கப்பலில் ஏற்றமாட்டார்கள். தார்ப் கரையில் உட்கார்ந்து அந்த எண்களை வரைந்தார். 1952இல் வரையும்போது கடலுக்கடியில் இருக்கும் மலைத்தொடரின் நடுவே ஒரு பள்ளம் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார். கடல்தளம் அங்கே பிளந்து விலகுகிறது என்றார். உடன் வேலை செய்த புரூஸ் ஹீசன் அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று ஒதுக்கினார். பிறகு நிலநடுக்கங்கள் நிகழ்ந்த இடங்களை அதே அளவில் வேறொருவர் வரைந்தார். இரண்டு வரைபடங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தபோது நிலநடுக்கப் புள்ளிகள் தார்ப் சொன்ன பள்ளத்தின் வழியாகவே ஓடின. கண்டங்கள் நகர்கின்றன என்பதை உலகம் ஒப்புக்கொள்ள உதவிய படங்களில் அதுவும் ஒன்று. கப்பலில் போனவர்களுக்குக் கிடைக்காதது, வரைந்தவளுக்குக் கிடைத்தது.

நம் ஊர்க்காரர் ஒருவரையும் சொல்ல வேண்டும். அன்னா மாணி பீர்மேட்டில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். சி.வி. ராமனின் பெங்களூர் ஆய்வகத்தில் வைரங்களை ஆராய்ந்து 1945இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேடு கொடுத்தார். எம்.எஸ்ஸி. இல்லை என்பதால் முனைவர் பட்டம் கிடைக்கவில்லை. அவர் அதை வைத்துக்கொண்டு உட்காரவில்லை. 1948இல் வானிலைத் துறையில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த வானிலைக் கருவிகளை இங்கேயே செய்ய, ஏறத்தாழ நூறு கருவிகளுக்கான வரைபடங்களைச் சீர்ப்படுத்தினார். அவையும் வரைபடங்கள்தான். சரியாக வரையாவிட்டால் கருவி தப்பாக அளக்கும். கருவி தப்பாக அளந்தால் பிறகு வரும் கணக்கெல்லாம் வீண்.

இவர்களைப் படித்த பிறகு ஒரு விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்கிறேன். ஆக்டேவ் ஆண், பின்னணியில் ஓசையில்லாமல் உழைக்கும் க்னூபிளாட் பெண் என்று ஒரு கதை சொல்லிவிடலாம். மேடையில் சொன்னால் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அது நமக்கு நல்லதில்லை. க்னூபிளாட் ஒரு கருவி. அதற்கு வலி இல்லை, பெயரும் வேண்டாம். நம்மைக் கருவியோடு சேர்த்துப் பார்ப்பதுதான் "சாஃப்ட்வேரே போட்டுடுதே" என்ற வாக்கியம். நான் சொல்வது அதற்கு எதிரானது. குழாயின் ஒரு முனையில் ஒரு நிரல், மறுமுனையில் இன்னொரு நிரல். நடுவில் ஓடும் கட்டளைகளை எழுதியவள் ஒரு மனுஷி. அச்சு எங்கே தொடங்க வேண்டும், பட்டை எந்த மணிக்கு நிற்க வேண்டும், எந்தப் புள்ளியை நீக்கக் கூடாது என்று தீர்மானித்தவள் அவள்.

இன்றைக்கு ஆக்டேவ் மாறிவிட்டது. 2015இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து அது தனக்கென்று சாளரமும் வரையும் வசதியும் கொண்டது. க்னூபிளாட் வேண்டுமென்றால் ஒரு கட்டளை கொடுத்துத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். மாணவர்கள் பலர் பைத்தானுக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் நான் ஒரு வகுப்பாவது குழாயைத் திறந்து காட்டுகிறேன். க்னூபிளாட்டைத் தனியாகத் திறந்து, கட்டளைகளைக் கையாலேயே ஒவ்வொன்றாகத் தட்டச் சொல்கிறேன். எத்தனை முடிவுகள் ஒரு படத்துக்குள் இருக்கின்றன என்பது விரல் வழியாகத்தான் புரியும்.

ஆய்வகத்தில் இன்னும் சில மாற்றங்கள் செய்திருக்கிறேன். என் அதிகாரத்துக்கு உட்பட்டவை மட்டும். கருவியும் நோட்டும் வாராவாரம் கை மாற வேண்டும். கிராஃப் போடாத பையனுக்கு ரெக்கார்டில் கையெழுத்து இல்லை. திட்ட அறிக்கையின் பின்னிணைப்பில் நிரல் முழுவதும் இருக்க வேண்டும். அதை எழுதியவர் பெயர் முதல் வரியில் இருக்க வேண்டும். வாய்மொழித் தேர்வில் "இந்த அச்சை ஏன் இங்கே தொடங்கினாய்?" என்று கேட்பேன். வரைந்தவருக்கு மட்டும்தான் பதில் தெரியும். முதல் ஆண்டு இதைச் செய்தபோது பல குழுக்களில் எல்லோரும் திரும்பி ஒரு பெண்ணைப் பார்த்தார்கள். மதிப்பெண் பட்டியலில் அந்தப் பார்வையைப் பதிவு செய்ய முடிந்தது எனக்கு நிறைவு.

கணினிக்கூட நேரத்தைப் பற்றியும் ஒன்று. கட்டற்ற மென்பொருள் பெண்களுக்கு விடுதலை தந்துவிட்டது என்று நான் எழுதமாட்டேன். எங்களுக்கு அது அறைக்குள்ளேயே ஒரு கூடத்தைத் தந்தது. அறைக் கதவைத் திறக்கவில்லை. ஆறரை மணிக் கையெழுத்து பல இடங்களில் இன்னும் இருக்கிறது. பூட்டிய அறைக்குள் நாங்கள் கெட்டிக்காரிகளாக இருந்தோம் என்பது பூட்டுக்கு நியாயம் ஆகாது. இரண்டும் சேர்ந்தே வேண்டும். கையில் உரிமம் கேட்காத கருவி, காலுக்கு நேரம் கேட்காத கதவு.

இதைப் படிக்கும் தோழிகள் ஆய்வகத்திலோ அலுவலகத்திலோ இருக்கலாம். "நீ அந்த சார்ட் மட்டும் போட்டுக் கொடு" என்று யாராவது கேட்டிருப்பார்கள். போட்டுக் கொடுங்கள். ஆனால் அச்சின் அளவை ஏன் அப்படி வைத்தீர்கள், எந்த எண்ணை ஏன் நகர்த்தினீர்கள் என்று இரண்டு வரி எழுதி, கீழே பெயரும் தேதியும் போட்டுக் கொடுங்கள். கோப்பின் முதல் வரியிலும் போடுங்கள். நன்றி சொல்லும் பக்கம் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முடிச்சூரில் அரிசி மூட்டையைத் தூக்கிய அந்த அம்மாவின் நேரம் இன்றும் ஒரு படத்தில் சரியான இடத்தில் இருக்கிறது. யார் வைத்தார்கள் என்று அந்தப் படத்தின் கீழே எழுதியிருந்தால், அடுத்த முறை அவர் சொல்லும் நேரத்தை எடுத்துவிடலாம் என்று சொல்வதற்கு ஒருவனாவது தயங்கியிருப்பான்.